பெண்குரலில் முதலிடம் என் சம்பந்திக்கு

உ
சிவமயம்

கோப்பாய் தெற்கு,
23.06.1992

அன்புள்ள மச்சான் சீவரத்தினத்துக்கு,

நீரும் உம்முடைய மனைவி பிள்ளைகளும் அந்தக் குளிர் தேசத்தில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று எங்கள் பிள்ளையாரிடம் சொல்லிவைத்துவிட்டு இதை எழுதுகிறேன். இங்கே உம்முடைய அக்கா மகாதேவி சுகம். உம்முடைய மருமகள், என் மகள் அருந்ததி சுகம். சிவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, அதுவும் சுகம். சுகமில்லாமல் இருப்பது நான் ஒருவன்தான், அதற்குக் காரணம் நீர்.

கோபிக்க வேண்டாம். மாசி மாதத்தில் நீர் போட்ட கடிதம் பங்குனியில் வந்தது. உங்கள் ரொறன்ரோச் சங்கத்து வானொலியில் ஒரு நிகழ்ச்சி செய்யப் போகிறீர்களாம், யாழ்ப்பாணத்துச் சனம் விரும்பிக் கேட்கிற ஒவ்வொரு வகைப் பாட்டுக்கும் இவர்தான் ஆள் என்று ஒரே ஒருவரைத் தெரிந்து பெயர் அனுப்ப வேண்டுமாம், கசற் பிறகு அனுப்பினால் போதுமாம். மேளம், நாடகப் பாட்டு, மெல்லிசை, பொப், பைலா, பெண்குரல் என்று ஆறு வகை. "அத்தான், நீங்கள் முப்பத்தைந்து வருஷம் தபாற்கந்தோரிலை இருந்தனீங்கள், ஒரு பக்கமும் சாயமாட்டியள்" என்று ஒரு வரி வேறு எழுதியிருந்தீர். அந்த வரியை நான் நாலு பேருக்கு வாசித்துக் காட்டியதுதான் முதற்பிழை. ஆறு வகை என்று எழுத உமக்கு ஒரு நிமிஷம் பிடித்திருக்கும். எங்களுக்கு ஆறு கிழமை பிடித்தது. இரண்டு பேர் இன்னும் முகம் பார்த்துக் கதைப்பதில்லை.

இதற்குள்ளே அருந்ததியின் காரியம் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். இங்கே பக்கத்து ஊர் திருநெல்வேலி அருளம்பலத்தாரின் மூத்த பொடியன் கம்பஸ் நூலகத்தில் வேலை. நல்ல பொடியன், குனிந்த தலை. சாதகம் பொருந்திவிட்டது. பொடியனுக்கும் விருப்பம். பிள்ளையைக் கேட்டால் "உங்கடை விருப்பம் அப்பா" என்று சொல்லிப்போட்டுக் கிணற்றடிக்குப் போய்ச் சிரிக்கிறாள், ஆகவே விருப்பம். தாலிக்குப் பொன்னுருக்க நாள் வைப்பது ஒன்றுதான் பாக்கி. அந்த நாளைச் சொல்லவேண்டியவர் அருளம்பலத்தார். அவரை உமக்கு ஞாபகம் இருக்கும், எழுபதுகளில் மணிக்கூட்டு அளவு பூப்போட்ட சேட்டும் நிலத்தைக் கூட்டுகிற காற்சட்டையும் போட்டுக்கொண்டு ஊர் ஊராய் பொப் பாட்டுப் பாடித் திரிந்த மனுஷன். பிறகு பலநோக்குச் சங்கக் கடைக்கு மனேச்சராகி இளைப்பாறிவிட்டார். சேட்டும் காற்சட்டையும் போய் மீசை மட்டும் நிற்கிறது. அது நல்ல மீசை, அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

உம்முடைய நிகழ்ச்சியைக் கேள்விப்பட்டு அவர் சைக்கிளில் வந்து, பனங்கட்டியைக் கடித்துத் தேத்தண்ணி குடித்து, மழையைப் பற்றியும் மண்ணெண்ணெயைப் பற்றியும் கதைத்து முடித்துப் படலையடியில் நின்றுகொண்டுதான் விஷயத்தைச் சொன்னார். "சோமசேகரம் அண்ணை, நான் பேருக்கு ஆசைப்படுற ஆளில்லை. ஆனால் என்ரை தங்கச்சி ரொறன்ரோவிலை இருக்கிறாள். அவளின்ரை காதிலை என்னைப் பற்றி நல்லதாய் ஒண்டு விழுந்தால் எனக்கும் மனம் குளிரும், பொன்னுருக்குக்கும் ஒரு நாள் பாக்கலாம்." மச்சான், நீர் சொன்னபடி நான் ஒரு பக்கமும் சாயாதவன். ஆனால் பிள்ளைக்கு இருபத்தேழு வயது.

வாசிகசாலையில் மூன்று பேர் கொண்ட குழு அமைத்தோம். நான் தலைவர். மற்றவர் சங்கீதம் படிப்பித்து இளைப்பாறிய இளையதம்பி மாஸ்டர். மூன்றாமவர் மாதா கோயில் பாடகர் குழுவை நடத்துகிற பெர்னடெட் ரீச்சர். முதலாம் நாளே மேளத்தில் வில்லங்கம். எங்கள் ஊரில் ஒருவர் பெரிய நாதஸ்வர வித்துவான் என்பதற்கு ஒரே அத்தாட்சி அவர் எங்கள் உபயத் திருவிழாவுக்கு வாசித்திருக்கவேண்டும் என்பது உமக்குத் தெரியாததல்ல. வேடிக்கை பார்க்க வந்த மூன்றாம் நாள் திருவிழாக்காரர் ஒரு பெயரைச் சொன்னார். ஏழாம் திருவிழாக்காரர் எழும்பி, "உவரோ? உவர் ஊதேக்கை எங்கடை சுவாமி வீதியிலை நிண்டு நித்திரை கொண்டவர்" என்றார். அதற்கு மூன்றாம் திருவிழாக்காரர், "உங்கடை திருவிழாவிலை சுவாமி நித்திரை கொள்ளாமல் வேறை என்ன செய்யிறது?" என்று கேட்டார். பிறகு நடந்ததை எழுதினால் தபாலில் போகாது. கடைசியில் பெர்னடெட் ரீச்சர் ஒருவருக்குத்தான் கோயிலில் எந்தத் திருவிழாவும் இல்லை என்ற காரணத்தால் மேளத்துக்கு அவரே தீர்ப்புச் சொல்லட்டும் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். சைவக் கோயில் மேளத்துக்கு வேதக்காரி தீர்ப்புச் சொன்னார், அந்த ஒரு தீர்ப்பைத்தான் இன்றுவரை ஒருவரும் குறை சொல்லவில்லை.

நாடகப் பாட்டுக்குப் போட்டி இல்லை, பல்லு இருக்கிற ஆள் ஒருவர்தான் மிச்சம். மெல்லிசையில் மூன்று நாள் போனது. சினிமாப் பாட்டை அப்படியே திருப்பிப் பாடுகிறவன் கலைஞனா கசற்றா என்று மாஸ்டர் கேட்டார், தியாகையரைத் திருப்பிப் பாடுகிறவர் மட்டும் என்னவாம் என்று ரீச்சர் கேட்டார், மாஸ்டர் குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். நான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். தோளைக் குலுக்கி ஆடவைக்கிற பைலாவுக்கு வந்ததும் மாஸ்டர், "பைலா பாட்டில்லை, அது மருந்தெடுக்க வேண்டிய ஒரு வருத்தம். நான் என்ரை சீவியத்திலை ஒரு பைலா கேட்டதில்லை" என்று மேசையில் அடித்துச் சொன்னார். ரீச்சர் ஒரு பைலாவின் முதல் வரியை மெதுவாய்ப் பாடினார். மனுஷன் தன்னையறியாமல் இரண்டாம் வரியை எடுத்து, மூன்றாம் வரியையும் எடுத்து, கால் மேசைக்குக் கீழே தாளம் போட்டது. பிறகு ஒரு கிழமை மாஸ்டர் பைலாவில் நல்ல நிதானமாக இருந்தார்.

வாய்த்தர்க்கத்தால் ஒன்றும் முடியாது, மிச்ச வகைகளுக்குப் பாட்டைக் கேட்டு மார்க் போடுவோம் என்று நான்தான் சொன்னேன். பாடுகிறவர் யார் என்று தெரிந்தால் பக்கம் சாய்வோம் என்பதால் கசற்றில் பெயர் இல்லை, இலக்கம் மட்டும். பெயர் எழுதின படிவங்கள் ஒட்டின உறைக்குள்ளே. தபாற்கந்தோர்க்காரன் ஒட்டினால் ஒட்டினதுதான். ஒருவர் ஒரு கசற்றில் எத்தனை வகையும் பாடி அனுப்பலாம் என்றும் விதி எழுதினேன். அந்த விதியை எழுதின கையை இப்போது பார்க்கப் பார்க்க ஆத்திரம் வருகிறது.

இங்கே இரண்டு வருஷமாய்க் கறண்ட் இல்லை, பற்றறியைக் கண்ணாலும் காண முடியாது என்பதை நீர் அறிவீர். பாட்டுக் கேட்பது சைக்கிளில்தான். சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, பின் சில்லில் டைனமோவைச் சாய்த்து, அதிலிருந்து வயரைக் கசற் பெட்டிக்குக் கொடுத்து, ஒருவர் ஏறியிருந்து மிதிக்கவேண்டும். மிதிக்கிறவர் கொஞ்சம் களைத்தால் பாடகர் நித்திரையால் எழும்பினவர் மாதிரி இழுப்பார். எட்டி மிதித்தால் நாய் துரத்தினவர் மாதிரிப் பறப்பார். நல்ல டைனமோ ஊரில் ஒன்றே ஒன்றுதான், அது சைக்கிள் கடைத் தம்பிஐயாவுடையது. தம்பிஐயாவும் பொப் பாடுகிறவர், அவரும் போட்டியில் ஒரு ஆள். போட்டியாளர் வாசிகசாலைக்குள் வரக்கூடாது என்பது இன்னொரு விதி. ஆனால் தம்பிஐயா, "டைனமோவை என்னை விட்டு ஒருத்தரும் தொடக்கூடாது, அது என்ரை பிள்ளை மாதிரி" என்று நின்றார். நாங்கள் என்ன செய்கிறது? விதியைத் தளர்த்தினோம்.

இரண்டாம் இலக்கக் கசற்றுக்குத் தம்பிஐயா மிதித்த மிதியை நீர் பார்த்திருக்க வேண்டும். முதுகு நிமிர்ந்து, கண்ணை மூடி, ஒரு தளம்பல் இல்லை. பாட்டு எண்ணெய் மாதிரி ஓடியது. அது யாருடைய பாட்டு என்று சொல்லத் தேவையில்லை. நாலாம் இலக்கம் வந்தது. முதல் வரியிலேயே அது அருளம்பலத்தார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நேர்மையான மனுஷன் என்றபடியால் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பிஐயாவுக்கும் தெரிந்துவிட்டது. உடனே அவருக்கு முழங்கால் பிடித்தது, பிறகு சங்கிலி கழன்றது, பிறகு ஒரு இலையான் பறந்து வந்து மூக்கில் இருந்தது. மூன்று காதல் பாட்டும் செத்தவீட்டு ஒப்பாரி மாதிரி இழுபட்டு முடிந்தன. மாஸ்டர் பொப்புக்கு மார்க் போட்டதை எட்டிப் பார்த்தேன். என் பிள்ளையின் பொன்னுருக்கு அந்தத் தாளில் கரைந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அந்த அதிசயம். நாலாம் இலக்கக் கசற்றில் மூன்றாம் பாட்டு முடிந்து கொஞ்சம் கரகரத்து, ஒரு பெண்பிள்ளையின் குரல் எழும்பியது. வாத்தியம் ஒன்றும் இல்லை. வெங்காயம் நடுகிறதைப் பற்றி ஒரு பாட்டு, மழை வருமா, மாடு வருமா, மாமியார் வருவாவா என்று வேலியைப் பார்த்துப் பார்த்து நடுகிறமாதிரி. மச்சான், நான் என்னத்தைச் சொல்ல! மாஸ்டர் விசிறினதை நிறுத்திவிட்டார். ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆரப்பா இந்தப் பிள்ளை? பதினெட்டு வயது வராது" என்று நான் அடித்துச் சொன்னேன். அருளம்பலத்தார் தன் குழுவில் ஒரு பெட்டையையும் சேர்த்திருக்கிறார் போலும், பொப்பில் போனால் என்ன, இந்தப் பிள்ளையால் மனுஷனுக்கு ஒரு பேர் வரும் என்று என் மனம் துள்ளியது. பாட்டு முடிந்த அந்த நொடியே தம்பிஐயா களைத்துப்போய்க் காலை எடுத்துவிட்டார். பெண்குரலுக்கு மூன்று பேரும் அள்ளிப் போட்டோம். ஒரு சண்டையும் இல்லாமல் முடிந்த ஒரே வகை அதுதான்.

மார்க்கைக் கூட்டி முடிக்கிற நேரம் கொழும்புக்குப் புறப்படுகிற ஒருவர் வாசலில் ஒரு காலைப் பெடலில் வைத்தபடி "கடிதம் இருந்தால் தாங்கோ, லொறி போகப்போகுது" என்று கத்தினார். உறையைக் கிழித்தோம். ரீச்சர் இலக்கத்தையும் படிவத்துப் பெயரையும் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முப்பத்தைந்து வருஷப் பழக்கம், சொன்னால் கை எழுதும், மூளைக்கு வேலை இல்லை. எழுதி, ஒட்டி, கொடுத்து, அவர் ஒழுங்கையால் திரும்பி மறைந்த பிறகுதான் நாலாம் படிவத்தை மாஸ்டர் உரத்து வாசித்தார்: "க. அருளம்பலம், திருநெல்வேலி. தனிப்பாடகர். குழு இல்லை." மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நான் அனுப்பிய பட்டியலில் பெண்குரல் என்பதற்கு எதிரே என் சம்பந்தியின் பெயர் இருக்கிறது.

"அட கோதாரி, அது எப்பிடி?" என்றேன். தம்பிஐயா தலையைச் சொறிந்தார். கொஞ்சம் வற்புறுத்தினதும், "பொய் சொல்லப்படாது அண்ணை. நாலாம் நம்பர் கெதியாய் முடியட்டும் எண்டு கடைசியிலை கொஞ்சம் எட்டி மிதிச்சனான்" என்றார். பரீட்சித்துப் பார்த்தோம். அருளம்பலத்தாரின் முதலாம் காதல் பாட்டைப் போட்டுத் தம்பிஐயா எழும்பி நின்று மிதித்தார். ஐயோ கடவுளே, மீசை வைத்த மனுஷன் கீச்சுக் கீச்சென்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிப் பாடினார். சந்தேகம் தீர்ந்தது. காதல் பாட்டும் பாடி வெங்காயப் பாட்டும் பாடுகிறார், பன்முகக் கலைஞன் என்று மாஸ்டர் மெச்சினார். வந்த சிரிப்பை ரீச்சர் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை அருளம்பலத்தார் வந்தார். தம்பிஐயாவின் கடையில் ஒட்டுப்போட வந்த எல்லாருக்கும் செய்தி தெரிந்திருந்தது. படலையைத் திறக்கவில்லை, வெளியே நின்றே கேட்டார். "சோமசேகரம் அண்ணை, என்னைப் பாருங்கோ. இந்த மீசையைப் பாருங்கோ. நான் பொம்பிளையோ?"

"இல்லை இல்லை, அது டைனமோ..."

"டைனமோ பொம்பிளையாய் இருக்கட்டும். நான் ஆம்பிளை. என்ரை மனுசி ரெண்டு நாளாய் என்னை அக்கா எண்டு கூப்பிடுறா! ரொறன்ரோவிலை உது றேடியோவிலை போய் என்ரை தங்கச்சியின்ரை காதிலை விழுந்துதெண்டால் பொன்னுருக்கும் இல்லை, ஒண்டும் இல்லை, சொல்லிப்போட்டன்."

நான் சமாளிக்கிறதாய் நினைத்துக்கொண்டு, அந்தக் காலத்து நாடகங்களில் பெண்வேஷம் கட்டிப் பாடினவர்கள் எல்லாம் பெரிய பெரிய ஆம்பிளைகள்தானே என்று சொன்னேன். மனுஷன் சைக்கிளில் ஏறின வேகத்தில் அவர் டைனமோவில் பூட்டியிருந்தால் கோப்பாய் முழுக்க வெளிச்சம் வந்திருக்கும். அருந்ததி அன்று பின்னேரம் சாப்பிடவில்லை. "தலையிடி" என்றாள். தலையிடி இல்லை என்று எனக்குத் தெரியாதா? பிள்ளை முகம் வாடினால் என்னால் பார்க்க முடியாது மச்சான். ஆறு வகைப் பாட்டும் நாசமாய்ப் போகட்டும், என் பிள்ளையின் கலியாணம் குழம்பக்கூடாது.

ஆனபடியால் நீர் செய்யவேண்டியது இதுதான். என் பட்டியல் உம்மிடம் வந்துசேர்ந்திருந்தால் பெண்குரல் என்ற சொல்லை மை போட்டு வெட்டி, உச்சஸ்தாயி ஆண்குரல் என்று எழுதும். அப்படி ஒரு வகை இருக்கிறதா என்று உங்கள் சங்கத்தார் கேட்டால் இருக்கிறது என்று சொல்லும், இளையதம்பி மாஸ்டர் அதற்கு ஒரு சமஸ்கிருதப் பெயரும் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். வானொலியில் வாசிக்கும்போது "வீரமிக்க, கம்பீரமான" என்று இரண்டு சொல்லும் சேர்த்து வாசியும். இல்லாவிட்டால் அந்த வகையையே விட்டுவிடும். பெண்குரல் இல்லாமல் ஐந்து வகையோடு நிகழ்ச்சி நடந்தால் ஒருவரும் செத்துப்போக மாட்டார்கள். இந்தக் கிழமை முழுக்க உம்முடைய அக்காவும் ஒரு மாதிரித்தான். அந்த வெங்காயப் பாட்டு என் வாயில் ஒட்டிக்கொண்டது, கிணற்றடியில் படிக்கிறேன், மாட்டுக்குத் தவிடு வைக்கும்போது படிக்கிறேன், அவள் அடுப்படியில் நின்று தனக்குள்ளே சிரிக்கிறாள். என் குரலைக் கேட்டுச் சிரிக்கிறாள் என்றால் சிரிக்கட்டும், மகளின் காரியம் இப்படிக் கிடக்கும்போது சிரிப்பு எப்படி வருகிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

பிள்ளையார் உங்கள் வாசலில் பனியை அளவாய்க் கொட்டி, வேலைத்தலத்தில் நல்ல மனுஷரைப் பக்கத்தில் இருத்தி, பிள்ளைகளின் நாக்கில் தமிழைக் கொஞ்சமாவது விட்டுவைக்கட்டும். உம்முடைய மனைவிக்கு எங்கள் அன்பைச் சொல்லும். சின்னவனின் கன்னத்தில் என் பேரில் ஒருமுறை கிள்ளும், நோகாமல்.

இப்படிக்கு,
உம்முடைய அன்புள்ள அத்தான்,
வே. சோமசேகரம்,
இளைப்பாறிய தபாலதிபர்.

பி.கு.: மச்சான், மேலே உள்ள ஒன்றையும் செய்யவேண்டாம்.

நேற்றுக் கடிதத்தை எழுதி முடித்து உம்முடைய அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். உமக்கு என்ன எழுதினாலும் அவளுக்கு வாசிக்கவேண்டும், அது உமக்குத் தெரியும். பெண்குரலை விட்டுவிடும் என்ற இடம் வந்ததும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "பாவம் அந்த மனுசன். அது அவரில்லையப்பா, நான்" என்றாள்.

எப்படி என்று கேட்டேன். மாப்பிள்ளைப் பொடியன் வந்து, "மாமி, அப்பா பாட்டுப் பதியவேணுமாம், வெறுங்கசற் ஒண்டும் அம்பிடேல்லை" என்று கேட்டானாம். எங்கே கிடைக்கிறது இப்போது? இவள் தன் பெட்டிக்கு அடியில் ஒன்பது வருஷமாய் வைத்திருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டாளாம், எல்லாம் அழிந்துபோகும், அருந்ததியின் காரியம் அல்லவா என்று. அருளம்பலத்தார் மூன்று பாட்டோடு நிறுத்துவார் என்று அவள் என்னத்தைக் கண்டாள்?

நம்பாமல், தம்பிஐயாவைக் கெஞ்சி அவருடைய பிள்ளையான டைனமோவோடு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு வந்து நானே ஏறி மிதித்தேன். ஒரே சீராய், தபால் கொண்டு போகிறமாதிரி. அருளம்பலத்தார் நல்ல ஆம்பிளைக் குரலில் மூன்று பாட்டும் பாடினார், உண்மையைச் சொன்னால் நல்லாய்த்தான் பாடினார். மிதி மாறவில்லை. வெங்காயப் பாட்டு வந்தது. இந்த முறை நான் காலை எடுக்கவில்லை. பாட்டு முடிய ஒரு கோழி கத்தியது. பிறகு ஒரு ஆம்பிளைக் குரல், "அக்கா, இன்னொருக்காப் படியுங்கோ." பிறகு மகாதேவி, "போடா, அத்தான் கந்தோராலை வாற நேரம், ஒரு பாத்தியும் நட்டு முடியேல்லை." மச்சான், அது உம்முடைய குரல். நீர் பயணம் போவதற்கு முந்தின கிழமை தோட்டத்தில் வைத்துப் பதிந்து அவளிடம் கொடுத்துவிட்டுப் போனீராம்.

உடனே திருநெல்வேலிக்கு ஓடினேன். அருளம்பலத்தார் கொத்தமல்லி அவித்துக் குடித்துக்கொண்டிருந்தார், தொண்டையில் ஏதோ வருத்தம் என்று மனுஷனுக்கு நாலு நாளாய்ப் பயமாம். "வெங்காயமோ? நான் ஏன் வெங்காயத்தைப் பற்றிப் பாடுறன்? நான் பாடினது மூண்டும் காதல் பாட்டு!" என்று துள்ளி எழும்பி, என்னைக் கட்டிப் பிடித்து, உள்ளே பார்த்து, "இஞ்சாரும், கேட்டீரோ? நான் ஆம்பிளைதானாம்!" என்று கத்தினார். பொப் முதலிடம் தம்பிஐயாவுக்கே இருக்கட்டுமாம், தனக்கு இது போதுமாம். பொன்னுருக்கு ஆவணி பதினொன்று. அருந்ததி இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டாள்.

ஆகவே பெண்குரலை வெட்டவேண்டாம். திருமதி மகாதேவி சோமசேகரம், கோப்பாய் என்று எழுதும். கசற் இதோடு வருகிறது.

இனி எனக்கு மிஞ்சின வில்லங்கம் ஒன்றுதான். முப்பத்தொரு வருஷம் நான் கந்தோரால் வரும்போது அடுப்படியில் பாட்டுக் கேட்கும். "றேடியோவைக் கொஞ்சம் குறையும்" என்று சொல்லிக்கொண்டுதான் சப்பாத்தைக் கழற்றுவேன். உடனே பாட்டு நின்றுவிடும். வீட்டில் பெண்சாதி எவ்வளவு சொற்கேட்கிறாள் என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன். அதை நினைக்க எனக்கு வெட்கமாய் இருக்கிறது மச்சான், அழுகையும் வருகிறது. அதை அவளிடம் சொன்னேன். அதைப் பற்றி அவளுக்கு ஒரு கோபமும் இல்லையாம். அவள் கேட்கிறது வேறு. மார்க் தாளைக் கண்டுவிட்டாள். மாஸ்டர் ஐம்பதுக்கு ஐம்பது, ரீச்சர் ஐம்பதுக்கு ஐம்பது, நான் நாற்பத்தெட்டு.

"அந்த ரெண்டும் என்னத்துக்குக் குறைச்சனீங்கள்?" என்று காலையிலிருந்து கேட்கிறாள். மூச்சு வாங்கினது என்றேன். "குனிஞ்சு நிண்டு வெங்காயம் நட்டுக்கொண்டு நீங்கள் ஒருக்காப் படிச்சுக் காட்டுங்கோ பாப்பம்" என்றாள். ஐம்பது என்று திருத்திக் காட்டினேன். கேட்டு வாங்கின மார்க் தனக்கு வேண்டாமாம். உம்மை ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லும். உம்முடைய அக்காவை எனக்கு முந்தியே தெரிந்தவர் நீர். இதற்கு நான் என்ன மறுமொழி சொல்லவேண்டும்? கெதியாய் எழுதும், இன்னும் தேத்தண்ணி வரவில்லை.